பொடுதலை படர்ந்த இடம்

ரோஷன் பீவியைப் பொறுமைசாலி என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல் சரியாகப் படவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதை விட்டு அவளால் நகர முடியவில்லை, அவ்வளவே.

1953 மழைக்காலத்தில், சதுரங்கப்பட்டினத்தில், அவளுடைய நான்கு வயது மகள் ஜஹனாரா வாந்திபேதியில் இறந்தாள். அவளை அடக்கம் செய்த கபர்ஸ்தான் கடலோர மணலில் இருந்தது. அந்த ஊர் வழக்கப்படி பெண்கள் உள்ளே போவதில்லை; சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி. தலைமாட்டில் மீசான் கல் நடச் சொல்லிக் கேட்டாள். மண்ணுக்குக் கொடுத்துவிட்ட பிள்ளைக்கு அடையாளம் எதற்கு என்று கணவன் ஷேக் தாவூத் மறுத்துவிட்டான்.

மாசிக்குள் கபர் மேடு பாதி கரைந்துவிட்டது. இன்னும் ஒரு காற்றுக்காலம் போனால் பிள்ளை எங்கே கிடக்கிறாள் என்பதே தெரியாமல் போய்விடும் என்று அவள் நடுங்கினாள். குளக்கரையில் தரையோடு படர்ந்து மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த பொடுதலையை வேரோடு பெயர்த்து வந்து, குழி வெட்டும் மைதீனிடம் சுவருக்கு மேலாக நீட்டினாள். அவர் நட்டுத் தண்ணீர் ஊற்றினார்.

செடி பிடித்துக்கொண்டது. அதன் பூ மிளகளவுதான். சுவரிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் வெயில் ஏறியதும் நீலமும் மஞ்சளுமாகச் சின்னப் பட்டாம்பூச்சிகள் அந்த ஓரிடத்தில் மட்டும் தாழப் பறந்தன. அதுதான் அவளுக்கு அடையாளமாயிற்று.

"உம் பொண்ணு பூச்சிங்களுக்கு நாஸ்தா கடை போட்டுகினு கீது" என்றார் மைதீன். பிள்ளை போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான் என்று அவரே என்னிடம் சொன்னார்.

மேடு முழுவதும் அமிழ்ந்தது. பொடுதலை மட்டும் மணலுக்கு மேல் நின்றது. மேலும் இரண்டு மழை பெய்தது. செடி கொடிவிட்டு ஓடிப் பக்கத்துக் கபரை மூடியது, அதற்கடுத்ததையும் மூடியது. ஒரு காலை அவள் சுவரருகே வந்தபோது மூலைக்கு மூலை பட்டாம்பூச்சி. ஒரு பொருளை மற்றதிலிருந்து பிரிக்கும் வரைதான் அதன் பெயர் அடையாளம். அதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மைதீனைக் கூப்பிட்டு, தன் பிள்ளையுடையதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கச் சொன்னாள்.

அவர் செடிகளுக்கு நடுவே போய் நின்றார். பிறகு, "எது உன்னுதுன்னு காட்டு தங்கச்சி" என்றார்.

"உங்களுக்குத் தெரியாதா அண்ணே?"

"செடி கீற எடம்னுதான் எனக்குத் தெரியும். நீதான் தெனம் பாத்துகினு நின்னியே."

அவளோ இத்தனை நாளும் பட்டாம்பூச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷேக் தாவூத்தை அழைத்து வந்தாள். அவன் உள்ளே போய்ச் சுவரோரமாக நடந்து, ஓரிடத்தில் நின்று, அங்கிருந்து தள்ளி இன்னோரிடத்தில் நின்று, தலை குனிந்து வெளியே வந்துவிட்டான்.

முதலில் நட்டதன் வேர்தான் தடித்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. எல்லாவற்றையும் பிடுங்கிப் பார்க்கச் சொன்னாள். வேண்டாம் என்று மைதீன் சொல்லிப் பார்த்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுததும் மண்வெட்டியை எடுத்தார். ஒவ்வொரு கொத்தாகத் தூக்கி வேரைக் காட்டினார். பொடுதலை கணுவுக்குக் கணு வேர் விடும் பூண்டு. எல்லா வேரும் ஒன்று போலவே இருந்தன. உச்சி வேளையில் உள்ளே வெறும் மணல்தான் மிஞ்சியது. காற்று அதையும் அரித்துக்கொண்டிருந்தது.

பிடுங்கியதை மைதீன் சுவருக்கு வெளியே கொட்டினார். பூ வாடவில்லை. பட்டாம்பூச்சிகள் அந்தக் குவியலைத் தேடி வந்து அவள் காலடியில் பறந்தன. அவள் துப்பட்டியின் முனையால் அவற்றைச் சுவர்ப் பக்கமாக விரட்டினாள்.

"இங்க இன்னா கீது? உள்ள போங்க" என்றாள்.

அவை போகவில்லை.