பட்டுச்சேலையில் சிந்திய நகப்பசை

தம்பியின் கல்யாணத்துக்காக அம்மா எங்கள் ஊரான பெக்கான் நானாஸிலிருந்து கொஞ்சம் முன்னதாகவே ஜொகூர் பாரு தம்போயில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டார். பையை இறக்கி வைத்தவர் என் விரல்களைப் பார்த்தார். பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய ஒட்டு நகங்களை அப்போதுதான் ஒட்டி முடித்திருந்தேன்.

"இது என் கையில ஒட்டுமா?" என்று கேட்டார்.

அம்மாவின் நகங்களைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. தன் கல்யாணத்துக்கு முன்பே அன்னாசிப்பழ பேக்டரியில் பழம் சீவப் போனவர். தம்பி படித்து முடிக்கும்வரை அதே வேலைதான். கையுறை போட்டாலும் சாறு உள்ளே இறங்கிவிடும். அது தோலை அரித்து, நகங்களையும் தின்றுவிட்டது. எந்தப் போட்டோவிலும் அம்மாவின் கைகள் முந்தானைக்குள்தான் இருக்கும்.

"ஒட்டிப் பாக்கலாம்மா," என்றேன்.

கல்யாணத்தன்று காலையில் ஒவ்வொரு விரலாக ஒட்டிவிட்டேன். பசை பிடிக்க நகமே போதவில்லை. ரொம்ப நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. ஜொகூர் பாரு மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையின் அம்மாவாக நின்று, வந்தவர்களுக்கெல்லாம் அவரே சந்தனமும் குங்குமமும் நீட்டினார். யாரோ போட்டோ எடுத்தபோது கையை மறைக்கவில்லை. அம்மா அப்படி நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததேயில்லை.

பந்தி போட்ட நேரத்தில் அம்மாவைக் காணோம். தேடிக்கொண்டு பெண்கள் கழிவறைக்குப் போனேன். கட்டைவிரல் நகம் கழன்று விழுந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல், பையில் இருந்த பசையை எடுத்துத் தானே ஒட்டப் பார்த்திருக்கிறார். டியூபை அழுத்திய வேகத்தில் பசை மடியில் கொட்டிவிட்டது.

"சுடுது டி," என்றார். பட்டைத் தாண்டி உள்பாவாடைவரை இறங்கிய பசை பருத்தியில் பட்டதும் சூடேறியிருந்தது. பதறிப்போய் ஈரக் காகிதத்தால் துடைத்ததில் காகிதமும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. தம்பி எடுத்துக் கொடுத்த பச்சைப் பட்டு அது.

"விடுங்கம்மா, வீட்டுக்குப் போயி எடுத்துக்கலாம். கையக் கொடுங்க, நான் ஒட்டுறேன்."

"வேணாம்." மிச்சமிருந்த நகங்களையும் அங்கேயே பிய்த்தார். வலித்திருக்கும். குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எடுத்த படங்களில் கைகள் இல்லை.

மறுநாள் மத்தியானம் நானும் அம்மாவும் மட்டும் வீட்டில் இருந்தோம். மருந்துக்கடையில் அசெட்டோன் வாங்கி வந்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துண்டை விரித்து அதன்மேல் சேலையைக் கவிழ்த்துப் போட்டேன். முதலில் உள்விளிம்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. காய்ந்து கல்லாகிப் போன பசையின் ஓரத்தைக் கத்தியின் முதுகால் மெல்லப் பெயர்த்தேன். பிறகு பஞ்சை நனைத்துத் துணியின் பின்பக்கத்திலிருந்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். துணி நகராமல் அம்மா இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க அப்பா பாக்காமப் போயிட்டாரு," என்றார் திடீரென்று.

"தம்பி கல்யாணத்தயா?"

"என் கைய. நேத்து காலையில எப்படி இருந்திச்சி."

நான் பஞ்சை மாற்றினேன். அம்மா துணியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்க கல்யாணத்தன்னிக்கு மணவறையச் சுத்தி வரும்போது கையப் புடிச்சாரு. புடிச்சிட்டு குனிஞ்சி பாத்தாரு. ஒண்ணும் சொல்லல. நல்ல மனுசன், சாகுற வரைக்கும் ஒரு வார்த்த சொன்னதில்ல. ஆனா அதுக்கப்புறம் வெளியில எங்கயும் கையப் புடிச்சதே இல்ல. ரோட்டத் தாண்டும்போதுகூட முழங்கையத்தான் புடிப்பாரு."

எனக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. பெரிய சாலைகளில் அப்பா அம்மாவை முழங்கையைப் பிடித்துத்தான் கூட்டிப் போவார். அது அவருடைய பழக்கம் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

ஒற்றிக்கொண்டே இருந்தேன். பசை மெல்ல இளகிப் பஞ்சில் வந்தது. கூடவே பச்சைச் சாயமும் வர ஆரம்பித்தது. விரல்நுனி அளவுக்குத் துணி வெளிறிவிட்டது.

"போதும் லா," என்றார் அம்மா. "இதுக்கு மேல தேச்சா துணியே போயிடும். கொசுவத்துக்குள்ள மறஞ்சிரும், விடு." பச்சைத்தண்ணீரில் அந்த இடத்தை மட்டும் அவரே அலசி, நிழலில் காயப்போட்டார்.

அந்த வாரமே ஊருக்குத் திரும்பிவிட்டார். போனில் பேசினால் மழை, மருந்து, தம்பி மனைவியின் சமையல் என்று பேச்சு ஓடும். அந்த மத்தியானத்துப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. தீபாவளிக்குப் போகும்போது நேரில் கேட்கலாம் என்றிருந்தேன். அதற்கு முன்பே ஒரு காலையில் ஊரிலிருந்து அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார். தூக்கத்திலேயே போய்விட்டார் அம்மா.

கேட்க நினைத்தது ஒன்றுதான். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் அம்மாதான் கூடவே இருந்தார். நாங்கள் யாரும் இல்லாத நேரத்தில் ஒரு தடவையாவது அப்பா அந்தக் கையைப் பிடித்தாரா? அம்மா ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று தம்பியிடம் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை.