கழுத்துக்குக் கீழே ஏழு பேர்

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அப்போது பதினோரு பேர் இருந்தோம். நான் கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். குழுவை ஆரம்பித்தவர் தியாகதுருகம் வழியாக ஓடும் ஒரு தனியார் பஸ்ஸின் கண்டக்டர். இன்னொருவர் கணக்கு வாத்தியார். எங்களில் யாருக்கும் படம் எடுப்பது பிழைப்பில்லை, ஆசைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளுக்கொரு படம் போட வேண்டும். மற்றவர்கள் சாயங்காலத்துக்குள் அதைப் பற்றி எழுத வேண்டும்.

நான் எழுதுவதற்குத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். அது எனக்குப் பெருமையாக இருந்தது. பழைய கேமரா ஒன்றை வாங்கி, வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன் நான். கோணம் தப்பு, வெளிச்சம் தப்பு என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும்.

தை மாதத்தில் கண்டக்டர் புதிதாக ஒருவரைக் குழுவில் சேர்த்தார். தினமும் அவருடைய பஸ்ஸில் கூலி வேலைக்குப் போகிற அம்மா. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். மகள் புதுப் போன் வாங்கியதும் பழையது இவருக்கு வந்திருக்கிறது. பஸ் ஜன்னல் வழியாக எதையாவது எடுத்துக்கொண்டே வருவாராம்.

அந்த ஞாயிறு அவர் போட்ட முதல் படம் இது: மரவள்ளி பிடுங்கும் காட்டில், வரப்பில் வரிசையாக உட்கார்ந்து ஏழு பெண்கள் சாப்பிடுகிறார்கள். ஏழு பேருக்கும் தலை இல்லை. கழுத்தோடு படம் முடிந்துவிட்டது.

‘ஏழு பேர், ஒரு தலைகூட இல்லை. போனைக் கொஞ்சம் மேலே தூக்கக் கூடாதா?’ என்று எழுதினேன். உடனே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் வந்து விழுந்தன. அவர் ஒரு குரல் பதிவு அனுப்பினார். “சரிங்க சார்.” அவ்வளவுதான். அடுத்த இரண்டு ஞாயிறும் அவரிடமிருந்து படம் வரவில்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

மூன்றாவது வாரம் கண்டக்டர் கூப்பிட்டார்.

“இன்னா சார், அந்தம்மாவ அப்டி சொல்லிட்டீங்க?”

“தலை இல்லைன்னு சொன்னேன். உள்ளதுதானே?”

“மூஞ்சி தெரியக் கூடாது, வூட்டுல திட்டுவாங்கன்னு கூட வேல செய்றவங்க சொல்லிட்டாங்களாம் சார். அதான் இவங்க வேணும்னே கழுத்தோட நிறுத்திக்கீறாங்க. அதுக்காக நாலு தபா குந்தி குந்தி எழுந்தாங்களாம். நீங்க அத கேக்கவே இல்லியே?”

அன்று மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். படம் முழுக்கக் கைகள். மண் காயாத கைகள். ஒரு கட்டைவிரலில் கிழிந்த புடவைத் துணி சுற்றியிருந்தது. ஒரு கை வெங்காயம் உரித்தது. ஒரு கை பக்கத்து டிபன் பாக்ஸிலிருந்து ஊறுகாய் எடுத்துக்கொண்டிருந்தது. இந்த முறை அந்தப் படத்தோடு எவ்வளவு நேரம் இருந்தேனென்று தெரியவில்லை. முதல்முறை பத்து வினாடிகூடப் பார்க்கவில்லை என்று மட்டும் நன்றாகத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

குழுவிலேயே மன்னிப்புக் கேட்டேன். எழுதியது எல்லோர் முன்னாலும்தானே. பிறகு நான் பார்த்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எழுதினேன். ‘ஒரே குறை, இடது ஓரத்தில் பாதி பைக் சக்கரம் வந்து கண்ணை இழுக்கிறது’ என்று முடித்தேன்.

மறுநாள் பதில் வந்தது. “அது மேஸ்திரி வண்டிங்க சார். அத நவுத்த சொன்னா என்னியத்தான் நவுத்துவாரு.” பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

தெரிந்த ஸ்டுடியோவில் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். காட்டில் அதை வைத்துக்கொண்டு பெரிய கூத்து நடந்திருக்கிறது. “இது என் கையி”, “ஊறுகா திருடுறது யாருன்னு பாருங்கடி” என்று ஒரே கூச்சலாக ஒரு பதிவு வந்தது. அந்த ஊறுகாய்க்காரப் பெண்ணே, “என் மூஞ்சிய எடுத்துக்க, எங்க வூட்ல நான் பேசிக்கறேன்” என்று முன்வந்தாராம். அந்த ஞாயிறு அவருடைய முகம் குழுவில் வந்தது. வாய் நிறையச் சிரிப்பு. படம் கலங்கியிருந்தது.

‘சிரிப்பு அப்படியே வந்திருக்கிறது. கை மட்டும் ஆடியிருக்கிறது’ என்று எழுதினேன்.

“நானும் சிரிச்சிக்கினேதான எடுத்தேன், ஆடாம இன்னா பண்ணும்?” என்றார்.

அன்றைக்கு என் படமும் இருந்தது. கல்வராயன் மலையில், வெள்ளிமலை போகிற வழியில் இருக்கும் பெரியார் அருவி. ஷட்டரை மெதுவாக ஓடவிட்டு, தண்ணீர் பாலாக வழிவதுபோல எடுத்தது. எல்லோரும் கைதட்டல் போட்டார்கள். அந்த அம்மா மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னார். “நல்லா கீதுங்க சார். நான் ஒரு வாட்டி அங்க போயிக்கீறேன். சத்தம் ரொம்ப ஜாஸ்தி, பக்கத்துல பேசறதே கேக்காது. உங்க படத்துல சத்தமே இல்லிங்களே.”

முதலில் சுருக்கென்றது. பதில் எழுத ஆரம்பித்து அழித்தேன். பிறகு படத்தைத் திரும்பப் பார்த்தேன். உண்மையிலேயே அதில் சத்தம் இல்லை.

ஆவணியில் மலையில் நல்ல மழை பெய்தது. ஒரு ஞாயிறு எங்களில் ஆறு பேர் கச்சிராயபாளையம் வழியாகப் பஸ்ஸில் மலையேறினோம். அந்த அம்மா நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அதுவரை குரலாகத்தான் தெரியும். நேரில் பார்த்ததும், “நீங்கதானா அந்த சார்? பெரிய மீச வச்சிக்கினு இருப்பீங்கன்னு நெனச்சேன்” என்றார்.

அருவி முழு வேகத்தில் விழுந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை ஷட்டரை வேகமாக வைத்தேன். தண்ணீர் பாறையில் அடித்துத் துண்டுதுண்டாகச் சிதறுவது பதிந்தது. நாற்பது படம் எடுத்ததில் ஒன்றிரண்டு தேறின. அவர் போனை மடியில் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

“எடுக்கலீங்களா?” என்று கத்திக் கேட்டேன்.

“பாத்துக்கினு கீறேன்!” என்று அவரும் கத்தினார்.

அந்த நேரம் வாத்தியார் பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டி, இரண்டு கையிலும் ஒவ்வொரு செருப்பாகப் பிடித்துக்கொண்டு, வழுக்குப் பாறையைத் தாண்டப் பார்த்தார். நடுவில் ஒரு கால் அந்தரத்தில் நிற்க, அவர் முகத்தில் அப்படியொரு பயம். அந்த அம்மா எப்போது போனை எடுத்தார் என்று தெரியவில்லை. ஒரே ஒரு படம்தான் எடுத்தார்.

மலையிறங்கும் பஸ்ஸில் அந்தப் போன் கை மாறிக்கொண்டே இருந்தது. வாத்தியாரே சிரித்துச் சிரித்து, மனைவிக்கு அனுப்பச் சொன்னார். என் முறை வந்தபோது நிதானமாகப் பார்த்தேன்.

“நல்லா வந்திருக்குங்க. வலது பக்கம் மட்டும் எதுக்கு இவ்வளவு இடம் காலியா விட்டிருக்கீங்க?”

அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். “அவுரு வுழுந்தா வுழறதுக்கு எடம் வேணாமா சார்?”