பார்த்துச் சொல்வதற்கு என்ன கூலி?

“இவங்க எல்லாம் இவ்ளோ சம்பாரிக்கிறாங்க. நான் எங்க சார் கோட்டை வுடறேன்?”

போன மாதம் கோட்டைக்குப்பத்தில் மேகலா கேட்ட கேள்வி இது. மெக்கானிக்கல் இன்ஜினீயர், என் மகளோடு படித்தவள். படகு என்ஜின், ஐஸ் பிளான்ட் கம்ப்ரஸர், சோலார் பம்ப்... சுற்றுவட்டாரத்தில் எது நின்றாலும் அவளுக்குத்தான் போன் வரும்.

யாரோ அவளுக்கு ஒரு சர்வேயை அனுப்பியிருந்தார்கள். சுயதொழில் செய்யும் இன்ஜினீயர்களின் சராசரி வருமானம். அவளுடையது அதில் பாதிகூட இல்லை. கூடவே, சென்னையில் ஒரு கம்பெனி வேலை வந்திருந்தது. மறுநாளே பதில் சொல்ல வேண்டும். கடலுக்குப் போகிற அவள் அப்பா, ‘மாசம் பொறந்தா சம்பளம், போயிடு’ என்று சொல்லிவிட்டாராம்.

நான் இருபது வருடம் சம்பள சர்வே எடுக்கும் நிறுவனத்தில் குப்பை கொட்டியவன். அதனால்தான் கூப்பிட்டாள். உற்சாகமாக ஆரம்பித்தேன்.

சராசரியை விடு, வருமான வரிசையில் நடுவில் நிற்கிறவரைப் பார் என்றேன். கொழுத்த வருமானக்காரர்கள் நாலு பேர் இருந்தால் சராசரி எகிறிவிடும். பதில் அனுப்புகிறவர்கள் யார்? பெரும்பாலும் தொழில் நன்றாக ஓடுகிறவர்கள். நொடித்தவன் படிவம் நிரப்பிக்கொண்டா இருப்பான்? அடிக்குறிப்பையும் காட்டினேன் — அவர்கள் சொன்னது செலவு கழிக்காத தொகை. இவள் ஒப்பிட்டதோ, ஸ்பேர், பெட்ரோல், படகுக் கூலி எல்லாம் போக மிஞ்சியதை!

அவளுக்கும் சராசரிக்கும் இடையிலிருந்த பள்ளம் பாதியாகிவிட்டது. ஆறுதல் சொல்லிவிட்ட திருப்தி எனக்கு.

அவள் முகம் மட்டும் தெளியவில்லை. போனில் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனவள், கடைசியில் இருந்த கேள்வித்தாளில் நின்றாள். ‘வாரத்தில் எத்தனை நாள் ஊதியமின்றி வேலை செய்கிறீர்கள்?’

விரல்விட்டு எண்ணினாள். பசியாவரம் தீவுக்குப் படகில் போய், என்ஜினைப் பிரித்துப் பார்த்து, இன்ன கோளாறு என்று சொல்லிவிட்டு வந்த நாட்கள். பாகம் மாற்றினால்தான் அங்கே கூலி. பார்த்துச் சொன்னதற்கு ஒரு கை இறால். பல நாள் அதுவும் இல்லை.

“ரெண்டு நாள் சார். சில வாரம் மூணு.”

நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கிளம்புவதற்குள் பசியாவரத்திலிருந்தே போன். அவளைச் சின்ன வயதிலிருந்து அறிந்த ஒரு படகுக்காரர். என்ஜின் கிளம்பவில்லை, ஒரு நடை வந்து பார்க்கச் சொன்னார். மேகலா எழுந்து நின்றுகொண்டாள்.

“வரேன்ணா. ஆனா இனிமே வந்து பாத்தாலே கூலி உண்டு. முன்னாடியே சொல்லிடறேன்.”

எனக்கே சங்கடமாக இருந்தது. அதற்கு அவர் சொன்னதை, போனை வைத்த பிறகு அவள்தான் சொன்னாள். “ ‘இத்தினி நாளா ஏம்மா கேக்கல?’ன்றாரு.”

கம்பெனிக்கு வரவில்லை என்று அன்றே எழுதிவிட்டாள். அப்பா இரண்டு நாள் பேசவில்லையாம். கூலி என்றதும் கூப்பிடுவதை நிறுத்தியவர்களும் உண்டு. அதில் ஒருவர் சொந்தச் சித்தப்பா. அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது.

ஊரார் வருமானத்தைப் பார்த்துக் குமைகிறோம். இல்லையென்றால், கணக்கே தப்பு என்று சமாதானம் தேடுகிறோம். நான் அவளுக்குக் கொடுத்தது இரண்டாவது. நம்மிடம் என்ன கேட்கிறார்கள் என்று எத்தனை பேர் படிக்கிறோம்?

இந்த வருட சர்வேயை மேகலாவும் நிரப்பி அனுப்பிவிட்டாள். அடுத்த சராசரி ஒரு துளி இறங்கும்... இறங்கட்டுமே!