பெல்ஜியம்காரர் கொண்டுவந்த பீர்

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு நெசவு மில்லின் கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் அந்த மில்லுக்கு குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாக் கட்டை இல்லாமலே ஓடும் புதுத் தறிகள் பெல்ஜியத்திலிருந்து வந்தன. அவற்றைப் பூட்டி ஓட்டிக் காட்ட அந்த நாட்டுக்காரர் ஒருவரும் கூடவே வந்தார். ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம், சிவந்த முகம். ஒரு மாதம் கெஸ்ட் ஹவுஸில் தங்கினார்.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். இங்கிலீஷ் வராது. வந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன். பரிமாறிவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஏதாவது வேண்டுமென்றால் அவர் விரலை ஆட்டுவார், நான் கொண்டுபோய் வைப்பேன். எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

எங்கள் பக்கத்தில் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கிற யாரும் நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டார்கள். உப்பு தூக்கலாக இருந்தாலும் "நல்லா இருந்துச்சுங்க" என்றுதான் சொல்வார்கள். அதை நான் நம்புவதில்லை. தட்டில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துத்தான் என் சமையலைத் தெரிந்துகொள்வேன்.

வந்த அன்றைக்கே அவர் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு நடுவில் சுற்றி வைத்திருந்த ஆறு பாட்டில்களை எடுத்து என்னிடம் கொடுத்தார். பீர். அவருடைய தங்கை வீட்டுக்காரர் தன் ஊரில் சின்னக் கடை வைத்திருக்கிறாராம். பின்கட்டில் அவரே காய்ச்சுவார், முன்பக்கத்தில் உட்காரவைத்துக் கொடுப்பார். அந்தக் கடையின் பீர் இது. முதல் நான்கு தறிகள் ஓடத் தொடங்குகிற அன்று எல்லோரும் சேர்ந்து குடிப்பதற்காகக் கொண்டுவந்திருக்கிறார் என்று மேனேஜர் எனக்கு விளக்கினார். பத்திரமாக வைக்கச் சொன்னார். நான் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்கவைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துத் தறிகள் ஓடின. அன்றைக்குச் சாயங்காலம் மேனேஜரும் வீவிங் மாஸ்டரும் அவரோடு கெஸ்ட் ஹவுஸுக்கு வந்தார்கள். பெல்ஜியம்காரர் தன் கையாலேயே ஒரு பாட்டிலைத் திறந்து மூன்று கண்ணாடி டம்ளர்களில் ஊற்றினார். பீர் மஞ்சளாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது சுக்குக் காப்பி நிறத்தில் இருந்தது.

கதவிடுக்கில் நின்று பார்த்தேன். மேனேஜர் ஒரு வாய் குடித்தார். கஷாயம் குடித்த குழந்தை மாதிரி முகம் ஒரு நொடி சுருங்கி, மறு நொடி சிரிப்பாக மாறியது. வீவிங் மாஸ்டருக்கு இருமல் வந்தது. இரண்டு பேரும் மாறி மாறி "வெரி குட், வெரி குட்" என்றார்கள். பெல்ஜியம்காரர் சந்தோஷமாகத் தன்னுடையதைக் கடைசிவரை குடித்தார். அப்போது ஒரு தறி நின்றுபோனதாக ஷெட்டிலிருந்து போன் வந்தது. அவரும் மாஸ்டரும் கிளம்பிப் போனார்கள்.

மேனேஜர் போகவில்லை. நேராகச் சமையலறைக்கு வந்தார்.

"ஏனுங் அம்மணி, பிரிட்ஜை அணைச்சுப்போட்டீங்களா?"

அணைத்திருந்தேன். வாரத்துக்கு ஒரு நாள் ஐஸ் கரைவதற்காக அரை நாள் அணைத்து வைப்பது வழக்கம். இந்த இரண்டு வாரத்திலும் அப்படித்தான் செய்திருந்தேன். அதைச் சொன்னேன். கரண்ட் போன நேரங்கள் வேறு இருந்தன. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பீர் முழுக்கப் புளித்துக் கெட்டுவிட்டது என்றார் மேனேஜர். நமக்குச் சங்கடம் வரக்கூடாது என்று பாவம் அந்த மனுஷர் மூச்சுக் காட்டாமல் குடித்துவிட்டுப் போகிறார் என்றார். மிச்சமிருக்கிற ஐந்து பாட்டிலையும் அவருக்குத் தெரியாமல் கொட்டிவிட வேண்டும், பிரிட்ஜ் தட்டு சரிந்து பாட்டில்கள் உடைந்துவிட்டன என்று மேனேஜரே சொல்லிக்கொள்வார், பதிலுக்குக் கோயமுத்தூரிலிருந்து வேறு பீர் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்பது அவருடைய யோசனை. குரலை உயர்த்தவில்லை. எங்கள் மேனேஜர் கோபத்தில்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார். அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது. எனக்கு முன்னால் அங்கே சமைத்தவரை, பால் திரிந்த பாயசத்தை ஒரு விருந்தாளிக்கு வைத்ததற்காக அதே மரியாதையோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"முதலாளி காதுக்குப் போறதுக்குள்ள கொட்டிப்போடுங்க" என்று சொல்லிவிட்டு முன்னறையில் போய் போனில் யாரிடமோ பேசத் தொடங்கினார்.

திறந்த பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைத் தொட்டியில் கவிழ்க்கப் போனேன். கை நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் எதையும் நான் ருசி பார்க்காமல் கொட்டியதில்லை. கெட்டுப்போனது எப்படிக் கெட்டது என்று தெரியவேண்டும் எனக்கு. நான் பீரைத் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. முன்னறையில் இன்னும் பேச்சுச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். ரசம் பார்க்கிற மாதிரி உள்ளங்கையில் கொஞ்சம் விட்டேன்.

முதலில் மோந்து பார்த்தேன். ஊறிய பேரீச்சம்பழ வாசம். அதற்கடியில் நனைந்த மரப்பலகை வாசம் லேசாக. நக்கினேன். முதலில் இனிப்பு. உடனே புளிப்பு, கன்னம் இரண்டும் உள்ளே இழுத்துக்கொள்கிற மாதிரி. கடைசியில் நாவல்பழத் தோல் மாதிரி ஒரு துவர்ப்பு. கண் மூடிக்கொண்டது. திரும்பவும் கொஞ்சம் விட்டுப் பார்த்தேன்.

கெட்டுப்போன சாம்பாரின் புளிப்பு எனக்குத் தெரியும். அது வாயில் கொழகொழவென்று நிற்கும், துப்பினாலும் போகாது. இதை விழுங்கிய பிறகு வாய் சுத்தமாக இருந்தது. இன்னொரு வாய் கேட்டது. முந்தின நாள் கரைத்து வைத்த கம்பங்கூழ் மறுநாள் காலையில் புளித்திருக்குமே, அந்த ஜாதிப் புளிப்பு. யாரோ நாள் கணக்குப் பார்த்து, வேண்டுமென்றே புளிக்கவைத்தது. அரை நாள் அணைத்த பிரிட்ஜால் இப்படி ஒரு ருசியைக் கொண்டுவர முடியாது.

இதை மேனேஜரிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாமல் கொட்டினால் பழி என் தலையில் நிற்கும். சொன்னால் பீர் குடித்தவள் என்றாகும். முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்துக் கை சிவந்துவிட்டது. அவர் போனை வைக்கும்வரை கதவருகில் நின்றேன்.

"கொட்டியாச்சுங்களா?"

"இல்லீங்க. அது கெட்டுப்போன புளிப்பு இல்லீங்க. பக்குவமா புளிக்கவச்சதுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

"நீங்க எப்படிச் சொல்றீங்க? குடிச்சீங்களா?"

"ருசி பார்த்தனுங்க."

"பீரையா?"

"சமையக்காரி ருசி பார்க்காம எப்படிங்க கொட்டறது? அவுரையே ஒரு வார்த்தை கேட்டுப்போடுங்க."

விருந்தாளியிடம் போய் உங்கள் சரக்கு கெட்டுவிட்டதா என்று கேட்பது எப்படி என்று மேனேஜர் சங்கடப்பட்டார். அப்படிக் கேட்க வேண்டாம், இது புளிப்பாகத்தான் இருக்குமா என்று கேளுங்கள் என்றேன். அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியது அன்றைக்குத்தான்.

பெல்ஜியம்காரர் கையெல்லாம் கிரீஸோடு திரும்பி வந்தார். மேனேஜர் சுற்றி வளைத்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெல்ஜியம்காரருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அப்படிச் சிரித்தார், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மரப்பீப்பாயில் ஒரு வருஷத்துக்கு மேல் போட்டு வைத்தால்தான் அந்தப் புளிப்பு வருமாம். புளிக்கவில்லை என்றால்தான் அந்த ஊரில் திருப்பிக் கொடுப்பார்களாம். பிடிக்கவில்லை என்றால் ஏன் வெரி குட் என்றீர்கள் என்று அவர் கேட்டாராம். மேனேஜர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "பிரிட்ஜ் மேல தப்பில்லீங்க அம்மணி" என்றார். அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு. எனக்கு அது போதுமாக இருந்தது.

ருசி கண்டுபிடித்தது நான்தான் என்று தெரிந்ததும், எங்கள் ஊரில் புளிக்கவைத்துச் சாப்பிடுவது என்ன என்று பெல்ஜியம்காரர் கேட்டாராம். அன்றைக்கு ராத்திரியே கம்பங்கூழைக் கரைத்து வைத்து, அடுத்த நாள் காலையில் மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு ஒரு சொம்பில் கொண்டுபோய் வைத்தேன். மேனேஜரும் கூட இருந்தார். பெல்ஜியம்காரர் ஒரு வாய் குடித்தார். யோசித்தார். இன்னொரு வாய் குடித்துப் பார்த்தார். சொம்பைத் தள்ளி வைத்துவிட்டு, என்னை நேராகப் பார்த்து ஏதோ சொன்னார்.

என்ன சொன்னார் என்று மேனேஜரிடம் நானே கேட்டேன்.

"அவுருக்குப் பிடிக்கலைங்களாம். மணல் மாதிரி இருக்குதுங்களாம்."

எனக்குக் கோபமே வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. சாப்பிட்டவர் ஒருவர் என் முகத்துக்கு நேராக உண்மையைச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு போய், தோசை ஊற்றிச் சட்டினியோடு கொண்டுவந்து வைத்தேன். கதவுக்குப் பின்னால் போகாமல் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்று, எப்படி இருக்கிறது என்று கையைக் காட்டிக் கேட்டேன். அவர் மென்றுகொண்டே சட்டினிக் கிண்ணத்தைத் தொட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். தோசையைத் தொட்டு, இன்னும் கொஞ்சம் முறுகலாக வேண்டும் என்று கையால் காட்டினார். நான் அடுப்பைக் கூட்டி வைக்கப் போனேன்.