கடற்கரை வேண்டாம், பஸ் ஸ்டாண்ட் போதும்

தம்பானூரில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். பதற்றத்தோடு வருபவர்களைக் கண்ணை மூடிக் கடற்கரையை நினைக்கச் சொல்வது என் வழக்கம். அதற்காகவே அலைச் சத்தத்தை செல்போனில் வைத்திருந்தேன்.

ஒரு நாள் செல்வராணி அக்கா வந்தார். சிறு வயதில் போருக்குத் தப்பி இலங்கையிலிருந்து வந்தவர். தூக்கமே இல்லை என்றார். வழக்கம்போல அலையை ஓடவிட்டேன். அவருக்கு உடம்பெல்லாம் நடுங்கி வியர்த்துவிட்டது. எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டார். பயந்துபோய் போனை அணைத்தேன்.

தண்ணீர் குடித்த பிறகு, "பிள்ளை, அந்தக் கடலாலதானே படகில உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு வந்தனாங்கள்" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். "அப்போ உங்களுக்கு நிம்மதியான இடம் எது அக்கா?"

"கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்ட்."

"அந்த இரைச்சல்லயா?"

"ஓம். அங்க ஒருத்தரும் நீ ஆர் எண்டு கேக்கிறேல்ல. எல்லாரும் தங்கட பஸ்ஸைத்தான் பாக்கினம்" என்று சிரித்தார்.

இப்போதெல்லாம் இடத்தை வருபவரிடமே கேட்டுக்கொள்கிறேன். கண்ணை மூடவும் கட்டாயப்படுத்துவதில்லை. அக்கா வரும் நாளில் மட்டும், அவரே பஸ் ஸ்டாண்டில் பதிவுசெய்து தந்த சத்தத்தில், "பேரூர்க்கடை, பேரூர்க்கடை" என்று என் அறையில் ஒரு கண்டக்டர் கூவுவார். அக்கா நிதானமாக மூச்சை இழுத்து விடுவார்.