தண்ணீர் விழுகிற அன்றைக்குச் சரக்கு

என் வலது மணிக்கட்டு ஏன் முழுதாகத் திரும்புவதில்லை என்று நீங்கள் இருவரும் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். மாடிப்படியில் விழுந்தேன் என்று சொல்லி வந்தேன். அது பொய். நான் ஒருவரை அடித்தேன். அவருடைய ஆட்கள் என்னை அடித்தார்கள்.

அந்த வருஷம் குற்றாலத்தில் சீசனுக்கு மூன்று மாதம் கடை எடுத்திருந்தேன். அருவியில் குளிக்க வருகிறவர்களுக்குத் துண்டு விற்கிற கடை. உங்கள் அம்மாவின் தோட்டை அடகு வைத்து, தென்காசியில் ஒரு மொத்தக் கடைக்காரருக்கு முழுப் பணத்தையும் போனில் அனுப்பினேன். சீசன் பிறந்தால் விலை ஏறிவிடும் என்று எங்களில் பலரும் முன்கூட்டியே பணம் கட்டுவோம். சரக்கு எப்போது என்றால், அருவியில் தண்ணீர் விழுகிற அன்றைக்கு என்பார்கள் மொத்தக் கடைக்காரர்கள். தேதி கேட்கிற வழக்கமே கிடையாது. நானும் கேட்கவில்லை, பில்லும் வாங்கவில்லை. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

வைகாசிக் கடைசியில் தண்ணீர் விழுந்தது. கார்கள் வரிசையாக நின்றன. என் கடையில் வெறும் கொடிக்கயிறு. மூன்று நாள் போன் அடித்தேன், அவர் எடுக்கவில்லை. நாலாம் நாள் காலையில் நேரே போனேன். முன்பே நான் நேரில் போய்த் தேர்ந்தெடுத்து, என் கையால் பச்சை மையில் குறி போட்ட மூட்டைகள் வேறு யாருடைய வேனிலோ ஏறிக்கொண்டிருந்தன.

கேட்டேன். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"இது சீசன் தண்ணியா வே? கோடை மழைக்கு வந்த தண்ணி. சாரல் அடிக்கட்டும், அனுப்புதேன்."

"கூட்டம் வந்து நிக்கி அண்ணாச்சி. வீட்டுல தோட்டை வச்சுக் குடுத்த பணம்."

"தோடு போனா என்ன வே, ஒம் பொண்டாட்டிக்குக் காது இருக்குல்லா."

மேஜையில் துணி அளக்கிற இரும்புக் கோல் கிடந்தது. அதை எடுத்தது எனக்கு ஞாபகம் இல்லை. அவர் வாயில் இறக்கியது ஞாபகம் இருக்கிறது. இரண்டு பல் தெறித்தது. வெள்ளைத் துண்டுகளில் ரத்தம் சிதறியது. இரண்டாம் முறை ஓங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது சந்தோஷமாக இருந்தது. அதற்குள் மூட்டை ஏற்றிய அவருடைய ஆட்கள் இருவரும் என்னைக் கீழே தள்ளி, என் கையை வாசற்படியில் வைத்து ஸ்டூலால் அடித்தார்கள். எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. வலியில் வாந்தி எடுத்தேன். வேன் போய்விட்டது.

ஸ்டேஷனில் முதல் புகார் அவருடையது. பேச வாயைத் திறந்ததும் ஒரு போலீஸ்காரர் காதோடு சேர்த்து அறைந்தார். எஸ்.ஐ. என் போனை வாங்கிப் பார்த்தார்.

"பணம் போனதுக்குச் சாட்சி கையிலயே இருக்கு. இதோட முதல்ல இங்கன வந்திருந்தா, இந்தப் பெஞ்சுல அவன் உக்காந்திருப்பான்."

பிள்ளைகளே, இதை மனதில் வையுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். பில் வாங்குங்கள், அதில் தேதி எழுதச் சொல்லுங்கள். அருவிக்குத் தேதி கிடையாது, வியாபாரத்துக்கு இருக்க வேண்டும். சரக்கு வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் போலீஸ் இருக்கிறது, சிவில் கோர்ட் இருக்கிறது. அந்த வேனையும் மூட்டையையும் நான் ஒரு போட்டோ எடுத்திருந்தால் போதும். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் கோலை எடுத்தேன்.

சாயங்காலம் சமாதானம் பேசினார்கள். அவர் புகாரை வாபஸ் வாங்குவார். நான் சரக்கையும் கேட்கக் கூடாது, பணத்தையும் கேட்கக் கூடாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் ஜெயில். உங்களில் ஒருவருக்கு அப்போது ஆறு வயது, மற்றவருக்கு மூன்று. கையெழுத்துப் போட வலது கை எழவில்லை. இடது பெருவிரலை மையில் தோய்த்து வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மாவுக்கட்டோடு போய்க் கடையைத் திறந்தேன். சாரல் நன்றாகவே அடித்தது. தலை சொட்டச் சொட்ட ஒரு குடும்பம் வந்து துண்டு கேட்டது. பக்கத்துக் கடையைக் கைகாட்டினேன்.