யுவராஜின் பாட்டுகளும் என் வயிற்றெரிச்சலும்

அரக்கோணம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரைத் திறந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் சுலோச்சனாவின் அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் அவள் அழைக்க மாட்டாள் என்பதால் எடுத்தேன்.

"பாஸ்கரண்ணா, யுவராஜ் போயிட்டான்" என்றாள். பிறகு சொன்னாள்: "எங்க பாட்டு இசைத்தட்டு நேத்துதான் வந்துச்சி. அட்டைய தடவிப் பாத்துகினே இருந்தான். போடட்டுமான்னு கேட்டேன். வேணாம், எல்லாரும் வரட்டும், ஒண்ணா கேக்கலாம்னான்."

கவுண்டருக்கு வெளியே ஒரு பெரியவர் திருவள்ளூருக்கு டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். அடித்துக் கொடுத்தேன்.

யுவராஜை உங்களில் பலர் மைக் செட் யுவராஜாக அறிவீர்கள். திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவன் கடை. ஆடிக் கிருத்திகைக்கும் கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் அவனுடைய பெட்டிகள்தான் வண்டி ஏறிப் போகும். இன்னும் சிலர் அவனைக் 'கண்ணயர்' என்ற பெயரில் பாட்டு வெளியிட்ட இருவரில் ஒருவனாக அறிவீர்கள். மற்றொருத்தி சுலோச்சனா, அங்கன்வாடி ஆசிரியை, அதற்கு முன்பு என் மெல்லிசைக் குழுவின் பாடகி. இந்த இரண்டு யுவராஜையும் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இறந்தவரைப் பற்றி எழுதுகையில் நல்லதை மட்டும் சொல்வது வழக்கம். எனக்கு அவன்மேல் பொறாமை இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் வேறு யாரோ ஒருவனுக்கு அஞ்சலி எழுதியது போலாகிவிடும்.

அது தொடங்கியது கே.ஜி.கண்டிகையில், ஒரு கோயில் திருவிழாக் கச்சேரியில். நானும் சுலோச்சனாவும் ஒரு காதல் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியின் முன்னால் யுவராஜ். மெலிந்த உடம்பு, எண்ணெய் பார்க்காத தலைமுடி, கொட்டாவி விட்டபடியே வேலை செய்கிறவன். சரணத்தில் அவள் பாட வேண்டிய இடம் வந்தபோது அவள் குரலுக்கு மட்டும் எதிரொலியைக் கூட்டிவிட்டான். அவள் ஒரு வரி பாடினாள். அது பந்தலைத் தாண்டிப் போய் வயல் பக்கம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. பஸ்ஸுக்காக எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். அடுத்து நான் பாடினேன். யாரும் எழவில்லை, ஆனால் பேச ஆரம்பித்தார்கள்.

கச்சேரி முடிந்ததும் அவனிடம் போனேன். "அவளுக்கு மட்டும் ஏன்பா எக்கோ வச்ச? எனக்கு ஏன் வைக்கல?"

அவன் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "உங்க கொரலுக்கு வேணாம்ண்ணா. அது நேரா போயி ஆணி மாதிரி எறங்குது. அக்கா கொரலு ஈரத்துணி. காய வெக்க எடம் வேணும்."

என் குரலைப் பாராட்டினானா, குறை சொன்னானா என்று வெகுகாலம் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சுலோச்சனா ஒத்திகைக்கு வருவது குறைந்தது. வாரத்தில் தறி நிற்கும் நாளில் அவள் பள்ளிப்பட்டுக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். அங்கே யுவராஜின் அப்பாவுக்கு விசைத்தறிக் கொட்டகை இருந்தது. தறி ஓடாத பகல்களில் அங்கே இருவரும் பாட்டுப் பதிவு செய்தார்கள். அவனுக்குக் கிதாரில் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு நாலைந்துக்கு மேல் தெரியாது. அந்த நாலைந்தையும் பழுதான ஓர் ஆம்ப்ளிஃபயரின் வழியாக விட்டு, நீட்டி, கலக்கி, அதற்குள் அவள் குரலை முக்கி எடுத்தான். அவனுக்கும் அவளுக்கும் காதலா என்று அந்த நாளில் என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இல்லை. அவன் கடைசிவரை அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டான்; அவள் கணவர், பஸ் கண்டக்டர், அவர்களுக்குச் சோறு கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். காதலாக இருந்திருந்தால் எனக்கு அதில் என்ன போகிறது? என்னோடு பல வருஷம் பாடியவளின் குரலுக்குள் இப்படி ஓர் ஊர் இருந்தது என்பதையும், அதற்கு வழி அவனுக்குத் தெரிந்தது என்பதையும்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முதல் பாட்டை ஒரு மெமரி கார்டில் போட்டு என் கவுண்டருக்கே கொண்டு வந்தான். "கேட்டுட்டு சொல்லுங்கண்ணா" என்று நீட்டிவிட்டுப் போனான். 'தறி நின்ன நேரம்' என்று பெயர். சாயங்காலம் திருப்பதி பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். நான் இறங்க வேண்டிய திருத்தணி எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது. பொன்பாடியும் தாண்டி, தெலுங்கில் சமோசா விற்கும் குரல் கேட்டபோதுதான் நிமிர்ந்தேன். நகரியில் இறங்கிப் பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் வந்து நின்றான். "எப்டிண்ணா கீது?"

"நல்லாதான் இருக்கு. ஆனா வார்த்தையே புரியலையேப்பா."

"புரிஞ்சா தூக்கத்துலேர்ந்து எழுந்துடுவாங்கண்ணா" என்றான்.

நான் குழுவுக்குப் பாட்டெழுதுகிறவன். ஒரு சொல் காதில் விழாமல் போனாலும் கொதிப்பவன். அந்த ஒரு வரியில் என் முப்பது வயதுவரையிலான உழைப்பை அவன் ஒதுக்கி வைத்தது போல இருந்தது.

அவர்கள் ஆல்பம் என்று ஒன்றும் போட்டதில்லை. வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ, ஒவ்வொரு பாட்டாகத்தான் வெளிவந்தது. முதலில் செல்போன் கடைகளில் மெமரி கார்டு வழியாக, பிறகு இணையத்தில். ஊரில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பஸ் நிலைய டீக்கடையில் அதற்குத் 'தூக்கப் பாட்டு' என்று பெயர். ஆனால் எங்கெங்கோ இருந்தவர்கள் கேட்டார்கள். கிதாரும் குரலும் ஒன்றில் ஒன்று கரைந்து மிதந்து வரும் இந்த மாதிரி இசைக்கு ட்ரீம் பாப் என்று பெயராம். தமிழில் அதை முதலில் செய்தவர்கள் இந்த இருவர்தான் என்று எழுதினார்கள். முன்னோடிகள் என்றார்கள். பதினைந்து பேர் கொண்ட குழுவை வைத்துக்கொண்டு தொண்டை கிழியப் பாடிய என்னை எவரும் எதற்கும் முன்னோடி என்று சொன்னதில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. என் மனைவி வசந்தா அடுப்படியில் அவர்கள் பாட்டைப் போட்டுக் கேட்பாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், "என் பாட்டெல்லாம் கேட்கவே மாட்டியா?" என்றேன்.

"உங்கள்து கேட்டா வேலை வேகமா ஓடும்" என்றாள். "இது கேட்டா வேலைய வுட்டுட்டு சும்மா உக்காரலாம்னு தோணுது."

நானும் அப்படி ஒரு பாட்டுச் செய்து பார்த்தேன். எதிரொலிக் கருவி ஒன்று வாங்கினேன். சொற்களைக் குழைத்தேன். மூச்சை இழுத்து இழுத்துப் பாடினேன். அதை யுவராஜிடம் கொடுத்தபோது கடையில் அவனுக்காக ஆட்கள் காத்திருந்தார்கள். எல்லோரையும் நிறுத்திவைத்துவிட்டு, கண்ணை மூடி, முழுப் பாட்டையும் கேட்டான். பிறகு காதுமாட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்தான்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணா. தூங்கற மாதிரி நடிக்கிறீங்க."

ஆடிக் கிருத்திகைவரை அவனோடு நான் பேசவில்லை. கிருத்திகைக் கூட்டத்தில், காவடிகளுக்கு நடுவே, தலைக்கு மேல் ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தான். "ண்ணா, ஒரு கை பிடிங்க" என்றான். பிடித்தேன். சண்டை அதோடு முடிந்தது. அவனைப் பொறுத்தவரை சண்டையே நடக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவன் சிறுநீரகம் பழுதானது இரண்டு வருஷத்துக்கு முன்பு. சென்னைக்கும் பள்ளிப்பட்டுக்கும் அலைந்தான், கடையை மூடினான். அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் சிறிய அளவில் இசைத்தட்டு வெளியிடும் சில இளைஞர்கள், இத்தனை வருஷம் ஒவ்வொன்றாக வந்த பாட்டுகளை ஒரே தட்டில் தொகுக்க விரும்பினார்கள். தொகுப்புக்குத் 'தனித்தனி' என்று சுலோச்சனா பெயர் வைத்தாள். எந்தப் பாட்டு முதலில், எது கடைசியில், எதை விடுவது என்று முடிவுசெய்ய வேண்டியிருந்தது. யுவராஜ் என்னைக் கூட்டிவரச் சொன்னான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிப்பட்டுக்குப் போனேன். வாசலிலேயே அவன் அப்பா நின்றிருந்தார். ஆயுள் முழுவதும் விசைத்தறிக்குப் பக்கத்தில் நின்றவர் என்பதால் எதையும் கத்தித்தான் சொல்வார். "வாங்க! உள்ள படுத்துகினு கீறான்! சோறு துன்னமாட்டேன்றான்! நீங்க சொல்லுங்க!" என்றார்.

உள்ளே யுவராஜ் கட்டிலில் சாய்ந்திருந்தான். முகம் வீங்கியிருந்தது. சுலோச்சனா தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள்.

"என்னை எதுக்குப்பா கூப்பிட்ட? உங்க பாட்டப் பத்தி எனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"உங்களுக்குத்தாண்ணா தெரியும்" என்றான். "மத்தவங்க எல்லாம் பாசமா கேப்பாங்க. எத்த போட்டாலும் சூப்பர்னுவாங்க. நீங்க மட்டுந்தான் வயித்தெரிச்சலோட கேட்டவரு."

சுலோச்சனா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் காது சூடானது. இத்தனை வருஷம் மறைத்துவைத்ததாக நான் நினைத்திருந்தது அவனுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

"கோச்சிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். ஒவ்வொண்ணா போடச் சொல்றேன். எது உங்களுக்கு ரொம்ப எரியுதோ அத்த மொதல்ல வைங்க. எரியாதத தூக்கிடலாம்."

வெட்கப்பட்டுக்கொண்டே ஆரம்பித்தேன். போகப் போக வெட்கம் போய்விட்டது. அவள் பாட்டைப் போடுவாள், நான் கேட்பேன், அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். 'படி ஈரம்' முதலில் வைக்கப்பட்டது. அதில் அவள் மூச்சு வாங்குவதைக்கூட நீக்காமல் விட்டிருப்பான். மழையில் மலைப்படி ஏறும் ஒருத்தி பக்கத்தில் நிற்பது போல இருக்கும். நான் பாடியிருந்தால் மூச்சு வாங்கியதை முதலில் வெட்டியிருப்பேன். 'தறி நின்ன நேரம்' இரண்டாவது. இப்படியே மதியம்வரை போனது. நடுவில் அவன் அப்பா வந்து, "இன்னும் முடியலையா! எல்லாம் ஒரே மாதிரிதான் கீது!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

'மெதுவாப் பேசு நைனா' என்று அவன் அப்பாவை வைத்துச் செய்த பாட்டு வந்தபோது எனக்குள் ஒன்றும் அசையவில்லை. சொற்கள் எல்லாம் தெளிவாகக் கேட்டன. நல்ல பாட்டுதான். எரியவில்லை.

"இத எடுத்துடலாம்" என்றேன்.

யுவராஜ் சிரித்தான். சிரித்ததில் இருமல் வந்தது. சுலோச்சனா தண்ணீர் கொடுத்தாள். "பாத்தியாக்கா? கரெக்டா புடிச்சாரு" என்றான் அவளிடம். பிறகு என் பக்கம் திரும்பினான். "அது உங்கள மாதிரி பண்ணப் பாத்ததுண்ணா. கண்டிகையில கரண்டு போச்சே, நெனப்பு கீதா? மைக்கு இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க நிறுத்தாம பாடிகினே இருந்தீங்க. கடைசி வரிசையில இருந்த நைனாவுக்கு வார்த்தை வார்த்தையா கேட்டுச்சி. தறிச்சத்தத்துல போன காது அது. நான் பேசினா அவருக்குக் கேக்காது. என் பாட்டு ஒண்ணுகூட அவருக்குப் புரிஞ்சது இல்ல. அன்னிக்கி எனக்கு எவ்ளோ எரிஞ்சிச்சி தெரியுமா?"

அந்தச் சம்பவம் எனக்கு நினைவே இல்லை. மின்சாரம் போவதும் நாங்கள் தொடர்ந்து பாடுவதும் எல்லாத் திருவிழாவிலும் நடப்பதுதான்.

"அவருக்குக் கேக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு பண்ணலாம்னு பாத்தேன். வரல" என்றான்.

"அப்போ எடுக்க வேணாம்" என்றேன்.

"எரியலன்னீங்களே."

"எரியலதான். இருக்கட்டும். கடைசியில வை."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பக்கத்து அறையில் அவன் அப்பா போனில் யாரிடமோ கத்திப் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் அதைக் கேட்டபடி இருந்தோம்.

அவன் இறந்த அன்று பள்ளிப்பட்டில் கூட்டம். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும், நேரில் அவனைப் பார்த்தேயிராத பிள்ளைகள் வந்து அழுதார்கள். மூங்கில் பாடைக்குப் பக்கத்தில் ஒரு பெண் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு இப்படி யார் வருவார்கள் என்று ஒரு கணம் கணக்குப் போட்டது என் மனம். அப்போதும் விடவில்லை அது. அவன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் தாழ்ந்த குரலில் பேசியதைக் கேட்டேன். என்ன சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்க மனம் வரவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் சுலோச்சனா, பெங்களூர்க்காரர்கள் கொடுத்த இசைத்தட்டுக் கருவியை எடுத்துக்கொண்டு கணவரோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில், 'பாடல் வரிசை: பாஸ்கர்' என்று இருந்தது. அப்படிப் போடச் சொன்னது யுவராஜ்தானாம். நாங்கள் நால்வரும் தரையில் உட்கார்ந்தோம். ஊசி இறங்கியது. தட்டில் அவள் மூச்சு வாங்கினாள், கிதார் எழுந்தது, இரண்டும் கலந்தன. சுலோச்சனா தன் குரலைத் தானே கேட்டு அழுதாள். அவள் கணவர் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

செத்துப்போனவன்மேல் பொறாமை தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். எதிலும் ஜெயிக்க இனி அவன் இல்லை. நான் தோற்கடிக்கவும் அவன் இல்லை. ஆனால் முதல் இரண்டு நிமிஷத்துக்குள் எனக்கு வயிற்றில் பழைய இடத்திலேயே பிடித்துக்கொண்டது. எப்படிச் செய்தான் இதை? நாலைந்து சுரக்கூட்டை வைத்துக்கொண்டு எப்படி?

வசந்தா என் முகத்தைப் பார்த்தாள். "இன்னும் எரியுதா?" என்றாள்.

"ஆங்" என்றேன்.

யுவராஜின் கடைச் சாமான்கள் யார் யாருக்கோ போய்விட்டன. எனக்கென்று அவன் விட்டுப்போனது இந்த எரிச்சல்தான். இதை நான் அணைக்கப் போவதில்லை.